இரண்டு சதத்து மகாராணி

வேலணையிலே எங்கள் பெரியம்மாவிடம் ஒரு கொட்டைப்பெட்டி உண்டு. பனையோலைச் சார்வில் இழைத்தது. வெற்றிலைச் சாறும் கைவேர்வையும் பட்டுப் பழுப்பேறியது. அதனுள் பாக்குச் சீவல் இருக்கும். அலுமாரிச் சாவி ஒன்று இருக்கும். இவற்றின் அடியில், எந்தக் கடையிலும் செல்லாத ஒரு காசுக் குற்றியும் இருக்கும். விளிம்பு பூவிதழ் போல வளைந்து வளைந்து செல்லும் மஞ்சள் நிற இரண்டு சதக் குற்றி அது. ஒரு புறத்தில் இளம் பெண்ணொருத்தியின் முகம். அந்தப் பெண் இரண்டாம் எலிசபெத் மகாராணியார். குற்றியின் ஆண்டு 1957. 1952 முதல் 1972 வரை இருபது ஆண்டுகள் இலங்கைக்கும் அரசியாக இருந்தவர் அவர். ஆயினும் நம் நாட்டுக் காசுகளில் அவர் முகம் ஏறியது இந்த இரண்டு சதத்தில் மாத்திரமே. அதுவும் 1955, 1957 ஆகிய இரண்டு ஆண்டுகளில்தான்.

இக்குற்றியைப் பற்றி எழுதும்படி என்னைத் தூண்டியவன் பெரியம்மாவின் பேரன். இப்போது சர்வகலாசாலை மாணவன். விடுமுறைக்கு வந்தவன், அப்பம்மாவிடம் கேட்டு அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, முன்பு ஒரு நாள் கேட்ட கேள்வியை மறுபடியும் கேட்டான். அன்று நான் ஏதோ சொல்லித் தப்பித்துக்கொண்டேன். இம்முறை தப்ப முடியவில்லை.

அந்த முந்திய நாள் 2022-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 19-ஆந் திகதி, திங்கட்கிழமை. அதே மாதம் 8-ஆந் திகதி காலமான மகாராணியாருக்கு அன்று இலண்டனில் இறுதிச் சடங்கு. இலங்கை அரசாங்கமும் அந்நாளைத் துக்க தினமாக அறிவித்திருந்தது. பெரியம்மாவின் வீட்டுத் தொலைக்காட்சியில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. பீரங்கி வண்டியின்மீது பேழை, பேழையின்மீது மணிமுடி. நம்மூரில் தேர் இழுப்பது போல, நூற்றுக்கு மேற்பட்ட கடற்படை மாலுமிகள் வடம் பிடித்து அவ்வண்டியை இழுத்துச் சென்றனர். பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்நேரம் பார்த்துப் படலையைத் திறந்துகொண்டு தம்பி உள்ளே வந்தார். பெரியம்மாவின் மகன், எனக்குத் தம்பி முறை. கையிலே வெறும் மண்ணெண்ணெய்க் கலன். அவருக்கு இயந்திரம் பூட்டிய வள்ளம் ஒன்று உண்டு. ஆகஸ்ட் மாதத்திலே லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாவாக ஏறியதை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை. வள்ளம் கரையில் கிடந்தது.

“இதென்ன அம்மா, செத்த வீடே?” என்றார் தம்பி.

“பாவம், நல்ல மனுசி” என்றார் பெரியம்மா.

“எங்களைப் பிடிச்சு ஆண்டவைக்கு நீங்கள் ஏன் அழவேணும்? எங்கட அடுப்புக்கு ஆர் அழுறது?”

தாயும் மகனும் அதற்குமேல் பேசவில்லை. தொலைக்காட்சியை ஒருவரும் நிறுத்தவும் இல்லை. தம்பியும் கலனைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் சாய்ந்து நின்று, பேழை கோவிலுக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். அப்போதுதான் பையன் என் காதோடு காதாகக் கேட்டான்: “பெரியப்பா, இந்த இரண்டு பேரில் ஆர் சொல்லுறது சரி?”

நேயர்களே, இந்தச் சச்சரவு எங்கள் வீட்டில் 2022-இல் தொடங்கியதன்று. அது 1953-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது.

அவ்வாண்டு ஜூன் மாதம் 2-ஆந் திகதி மகாராணியாருக்கு முடிசூட்டு விழா நடந்தது. பெரியம்மாவுக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூட வாசலில் வாழை நட்டுத் தோரணம் கட்டினார்களாம். பிள்ளைகளுக்குக் கற்கண்டு கொடுத்தார்களாம். தீவுப்பகுதியாரிற் பலர் அந்நாளிலே கொழும்பிலும் தென்னிலங்கை ஊர்களிலும் கடை வைத்திருந்தவர்கள். அவ்வாறு கடை வைத்திருந்த உறவினர் ஒருவர் முடி தரித்த மகாராணியாரின் வர்ணப் படமொன்றை அனுப்பிவைத்தார். எங்கள் பாட்டனார் அதற்குக் கண்ணாடி போடுவித்து, விறாந்தைச் சுவரிலே ஆணி அறைந்து, சுவாமிப் படங்களுக்குச் சற்றுக் கீழே மாட்டினார். அந்த உயர வித்தியாசத்தை அளந்து பார்த்தே மாட்டினார் என்று பெரியம்மா சொல்வார்.

பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா முடிசூட்டு விழாவுக்கு இலண்டன் சென்று திரும்பினார். ஜூலை மாதத்தில் அவருடைய அரசாங்கம் கூப்பன் அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திற்று. சங்கக்கடையிலிருந்து பாட்டனார் அரைப்பை அரிசியுடன் வீடு திரும்பினார். சால்வையைக் கழற்றினார். ஒன்றும் பேசாமல் விறாந்தைக்குப் போய் மகாராணியாரின் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்தார்.

அரிசி விலையை உயர்த்தியவர் மகாராணியார் அல்லர் என்பது பாட்டனாருக்குத் தெரியாததன்று. அவர் பத்திரிகை படிக்கும் மனிதர். “முடி ஒருவர் தலையில், பிடி இன்னொருவர் கையில். முடியைத்தானே எனக்கு எட்டுகிறது?” என்றாராம். ஆகஸ்ட் மாதம் 12-ஆந் திகதி நாடு முழுவதிலும் ஹர்த்தால் நடந்தது. மந்திரிமார் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியக் கடற்படைக் கப்பலாகிய ‘நியூபவுண்ட்லாந்’தில் ஏறிக் கூட்டம் கூடினர். அக்டோபர் மாதத்தில் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். முடிசூட்டு விழாக் கற்கண்டு நாவிலே கரைந்து ஐந்து மாதம் ஆகவில்லை.

அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதத்திலே மகாராணியார் ‘கொதிக்’ என்னும் கப்பலில் இலங்கைக்கு வந்தார். முடிசூட்டு விழாவில் உடுத்த அதே உடையை உடுத்துக்கொண்டு பார்லிமெண்டின் கூட்டத்தொடரைத் திறந்துவைத்தார். அவ்வுடையிலே இலங்கைக்கு அடையாளமாகத் தாமரையொன்று பின்னப்பட்டிருந்ததைப் பத்திரிகைகள் விரிவாக எழுதின. அந்த வாரத்திலே படம் மறுபடியும் முகம் காட்டியது. திருப்பியவர் பாட்டி. பாட்டனார் கண்டும் காணாதவர்போல் இருந்துவிட்டார். ஒரே படத்தை ஒரே வீட்டிலே ஒருவர் திருப்பிவைப்பதும் மற்றவர் திருப்பிவிடுவதும்தான் அரசர்களைப் பற்றிய நம் மக்களின் மனம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மகாராணியார் தீவுப்பகுதிக்கு வரவில்லை. அவர் பொலன்னறுவைக்குப் போனார். பராக்கிரமபாகு மன்னன் ஆண்ட நகரத்தின் இடிபாடுகளைப் பார்த்தார். அந்தப் பராக்கிரமபாகுவும் எங்கள் தீவுகளில் காலடி வைத்ததாகச் செய்தி இல்லை. ஆனால் அவன் ஒரு கல்லை அனுப்பினான். அக்கல் இன்றும் நயினாதீவிலே நாகபூசணி அம்மன் கோவிலில் இருக்கிறது.

புங்குடுதீவின் குறிகாட்டுவான் துறையிலிருந்து படகேறி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் பல்லாயிரம் பேரில் எத்தனை பேர் அந்தக் கல்லைப் பார்த்திருப்பார்கள்? நானும் பலமுறை பாராமலே வந்தவன். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சாசனம் அது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னன் இங்குள்ள கடற்றுறைக்கு விதித்த கட்டளையைத் தமிழிலே பொறிப்பித்தான். முடிவில் மாத்திரம் கொஞ்சம் வடமொழி. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963-இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார்.

அக்கட்டளையில் மன்னனின் பெருமையைவிடக் கணக்கே மிகுதி. பிறதேசத்து வணிகர் ஊராத்துறையிலே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, வந்து தங்கலாம். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானையும் குதிரையும் மன்னனுக்கு விருப்பமானவை. ஆதலால் அவற்றைக் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் மீட்ட பொருளில் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு; மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றைச் சரக்குக் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. கல்லிலும் செம்பிலும் வெட்டி வைத்த ஏற்பாடு இது.

கப்பல் உடைந்து கரையில் நின்று புலம்பும் வணிகனிடம் பாதியைப் பறிப்பதா என்று பையன் கொதித்தான். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆனால் அக்காலக் கடற்கரை வழக்கத்தை அறிந்தால் எண்ணம் சற்று மாறும். காகதீய மன்னன் கணபதி 1244-இல் மோட்டுப்பள்ளித் துறைமுகத்திலே ஒரு சாசனம் வெட்டுவித்தான். புயலிற் சிக்கிக் கரையொதுங்கிய கப்பல்களின் சரக்கு முழுவதையும் முன்னைய மன்னர்கள் கவர்ந்துகொண்டார்கள் என்றும், தான் சுங்கம் மாத்திரமே கொள்வதாகவும் அதிலே அவன் அறிவித்தான். முழுவதையும் எடுத்தவர்கள் பலர். பாதியோடு நின்றவன் பராக்கிரமபாகு. சுங்கத்தோடு நின்றவன் கணபதி. குடிகள் அரசனை அளக்கும் நாழி இதுதான். அவன் எவ்வளவு எடுத்தான், எவ்வளவு விட்டான்? பாட்டனார் படத்தைத் திருப்பியதும் இதே நாழியால் அளந்துதான். 25 சதத்துக்கும் 70 சதத்துக்கும் இடையில் உள்ள 45 சதம் அவருக்கு அரசாட்சியின் முழுக் கணக்காக இருந்தது. தம்பியின் கணக்கு 253 ரூபா.

நயினாதீவைப் பற்றிச் சொல்லும்போது அரசர்களைப் பற்றிய மிகப் பழைய கதையொன்றைச் சொல்லாமல் போவது முறையன்று. மணிகள் இழைத்த சிம்மாசனம் ஒன்றுக்காக மகோதரன், சூளோதரன் என்னும் நாக மன்னர் இருவர், மாமனும் மருமகனும், நாகதீபத்திலே போருக்கு நின்றனர் என்று மகாவம்சம் கூறுகிறது. மணிமேகலைக் காப்பியமும் மணிபல்லவத் தீவிலே ஒரு பீடிகைக்காக இரண்டு நாக அரசர் சண்டையிட்டதைக் கூறும். அந்த நாகதீபமும் மணிபல்லவமும் இன்றைய நயினாதீவே என்று பலர் கொள்வர், மறுப்பாரும் உளர். இரு நூல்களிலும் சண்டையைத் தீர்ப்பவர் புத்தர். மகாவம்சத்தில் அரசர்கள் சமாதானமாகி ஆசனத்தை அவருக்கே கொடுக்கிறார்கள். மணிமேகலையில் அவர் அது தமக்குரியது என்று கூறி அதன்மேல் அமர்ந்து அறம் உரைக்கிறார். அரண்மனையைத் துறந்து வந்த ஒருவர்தாம் அந்த ஆசனத்தில் அமரத் தக்கவர் என்று இரு நூலாரும் எண்ணியது வியப்புக்குரியது.

அதே மணிமேகலையில் இன்னொரு செய்தியும் உண்டு. நாக நாட்டு இளவரசி பீலிவளை, சோழ மன்னனுக்குப் பெற்ற குழந்தையை மணிபல்லவத்துக்கு வந்த கம்பளச் செட்டியின் கையிற் கொடுத்து அனுப்புகிறாள். அன்றிரவே கப்பல் உடைகிறது, குழந்தையைக் காணவில்லை. குழந்தையைத் தேடி அலைந்த மன்னன் இந்திர விழா எடுக்க மறந்துபோனான். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது. அரசன் செய்யவேண்டிய சடங்கைச் செய்யத் தவறினால் நகரமே அழியும் என்னும் நம்பிக்கை அக்காலத்தவருக்கு இருந்தது. பிள்ளையை இழந்த தகப்பனுக்கு ஒரு விழாவை மறந்துபோகும் உரிமைகூட இல்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. சிம்மாசனத்தில் இருப்பவரும் ஒரு வகையில் சிறைப்பட்டவரே. பெரியம்மாவின் கண்ணீரில் பாதி இந்த எண்ணத்தால் வந்தது. “எழுபது வருசம் ஒரு நாளெண்டாலும் தன்ர எண்ணப்படி இருந்திருப்பாவே?” என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

நம்முடைய சொந்த அரசர்களைப் பற்றியாவது நமக்கு ஒருமித்த எண்ணம் உண்டா? யாழ்ப்பாண இராச்சியம் 1619-இல் பறங்கியர் கையில் விழுந்தது. கடைசி மன்னன் சங்கிலி பிடிபட்டுக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1623-இல் கொல்லப்பட்டான். நல்லூர் முத்திரைச் சந்தியில் 1974-இல் சங்கிலியனுக்குச் சிலை எழுப்பினார்கள். 2011-இல் அதைப் புதுப்பித்தார்கள். அச்சிலையைக் கடந்து செல்லும் சைவர் ஒருவருக்கு நெஞ்சு நிமிரும். ஆனால் சங்கிலி என்ற பெயருடன் முன்னும் ஒருவன் ஆண்டான். 1544-இல் மன்னாரிலே புதிதாகக் கத்தோலிக்கரான அறுநூறு பேரளவினரைக் கொல்வித்தவன் அந்த முதலாம் சங்கிலி. ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை அந்தப் பெயரைக் கேட்கும்போது எண்ணுவது வேறு. இருவரையும் ஒருவராகக் குழப்பிக்கொண்டு புகழ்வாரும் இகழ்வாரும் இன்றும் இருக்கிறார்கள்.

மாறாக, நல்லூர்க் கந்தசுவாமி கோவிலிலே திருவிழாக் காலத்தில் கட்டியம் கூறும்போது ஒலிக்கும் பெயரைக் கவனித்துக் கேளுங்கள். புவனேகவாகு என்னும் பெயர் அது. கோட்டை அரசனின் வளர்ப்பு மகனாக வந்து யாழ்ப்பாணத்தை வென்ற சப்புமல் குமாரன், அதாவது செண்பகப் பெருமாள்தான் அவன் என்பர். படையெடுத்து வந்தவனின் பெயரை ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழர் கோவிலிலே வாழ்த்துகிறார்கள். கோவில் எடுத்தான் என்ற ஒரே காரணத்தால் அவன் வாள் மறந்துபோயிற்று.

நெடுந்தீவிலோ அரசன் முற்றாகக் கதையாகிவிட்டான். தீவின் மேற்குப் பக்கத்திலே முருகைக்கல் இடிபாடொன்றை வெடியரசன் கோட்டை என்று காட்டுவார்கள். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி வந்த மீகாமனோடு பொருத வெடியரசனின் கதையை முதியவர்கள் இன்றும் கூறுவர். ஆட்சியாளருக்காக ஐரோப்பியர் அங்கே வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை இன்று வெளிகளில் தம் எண்ணப்படி மேய்ந்து திரிகின்றன. கடிவாளம் இட்டவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள்.

மகாராணியாரின் கதைக்குத் திரும்புவோம். 1972-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆந் திகதி இலங்கை குடியரசாயிற்று. மகாராணியார் இலங்கைக்கு அரசி என்ற நிலை அன்றோடு நீங்கிற்று. பிறநாட்டு முடியின் கீழிருந்து விடுபட்ட அந்நாளைத் தமிழர் ஏன் மனநிறைவோடு கொண்டாடவில்லை? மாணவர்கள் இதை ஊன்றிப் படிக்கவேண்டும். பழைய சோல்பரி அரசியலமைப்பிலே 29-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒரு சமூகத்துக்கு அல்லது சமயத்துக்கு மாத்திரம் பாதகமான சட்டத்தைப் பார்லிமெண்ட் இயற்றலாகாது என்பது அதன் சாரம். புதிய அரசியலமைப்பில் அது இல்லை. தமிழரசுக் கட்சியினர் அதற்கு முந்திய ஆண்டிலேயே அரசியல் நிர்ணய சபையை விட்டு விலகியிருந்தனர்.

இலண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் வழியும் அக்காலத்திலேதான் அடைபட்டது. சிங்களப் பரீட்சையில் சித்தியடையவில்லை என்று சம்பள உயர்ச்சி மறுக்கப்பட்ட எழுதுவினைஞர் கோடீஸ்வரன் தொடுத்த வழக்கு அங்கே வரை போனது. அரசாங்க உத்தியோகத்தர் தமது சம்பளத்துக்காக முடியின்மீது வழக்குத் தொடரலாம் என்று 1969-இல் அங்கே தீர்ப்பாயிற்று. மொழிச் சட்டம் செல்லுமா என்ற பெருங்கேள்வியை அவர்கள் தீர்க்கவில்லை. அதை இலங்கை நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பினர். 29-ஆம் பிரிவும் 1956-ஆம் ஆண்டுச் சிங்களச் சட்டத்தைத் தடுக்கவில்லை என்பதை நாம் மறைக்கலாகாது. ஓட்டைக் குடைதான். ஆனால் மழை பெய்துகொண்டிருக்கும்போது ஓட்டைக் குடையைப் பிடுங்கினால் நனைபவன் என்ன நினைப்பான்? அந்த நினைப்பை அரசபக்தி என்று சொல்லிவிட முடியாது.

குடியரசு வந்த வாரத்திலே பாட்டனார் படத்தைக் கழற்றிவிட்டார். அம்முறை பாட்டி தடுக்கவில்லை. “அவவும் போயிட்டா” என்று மாத்திரம் சொன்னாராம்.

இவ்வளவையும் நான் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியம்மா பாக்குச் சீவியபடி கேட்டுக்கொண்டிருந்தார். குடை என்ற சொல் அவருக்குத் தம் கலியாணத்தை நினைவூட்டியிருக்க வேண்டும்.

“என்ர கலியாணத்துக்குத் தலைப்பாகையும் குடையும் மேளமுமாய் மாப்பிள்ளை ராசா மாதிரி வந்தவர். படலையிலயிருந்து பந்தல் மட்டும் நிலபாவாடை விரிச்சவை. மேற்கட்டி பிடிச்சவை” என்றார். எண்பது வயதைத் தாண்டிய முகத்திலே ஒரு மலர்ச்சி.

“அந்த நிலபாவாடையை விரிச்சவர் ஆர் அப்பம்மா?” என்று பையன் கேட்டான்.

“வேற ஆர், எங்கட கட்டாடிதான்.”

“அவர் வீட்டுக் கலியாணத்துக்கும் விரிக்கலாமோ?”

பெரியம்மாவின் பாக்குவெட்டி நின்றது. சிறிது நேரம் கழித்து, “அந்த நாளில அப்பிடி விடமாட்டினம் மோனை” என்றார்.

நேயர்களே, அதைக் கேட்டு நானும் தலைகுனிந்தேன். ஏனெனில் அதே நிலபாவாடைமேல் என் கலியாணத்தில் நானும் நடந்தவன். அதை விரித்தவர் ஓரமாக மணலில் நடந்து வந்ததைப் பார்த்தவன். குடை, ஆலவட்டம், நிலபாவாடை, மேளம் எல்லாம் ஒரு காலத்தில் அரசன் கொடுத்த வரிசைகள். அரசன் போய் நானூறு ஆண்டு ஆனபின்பும், இன்ன வீட்டாருக்கு உண்டு, இன்ன வீட்டாருக்கு இல்லை என்று அவனுடைய வரிசையை நாம் காவல் காத்துவந்தோம். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957-இல் வந்தது. அது பெரியம்மாவின் கொட்டைப்பெட்டியில் இருக்கும் காசு பொறித்த அதே ஆண்டு. சட்டம் வந்து பல ஆண்டுகளின் பின்னும் நிலபாவாடை விரிந்தவர்களுக்கே விரிந்தது. 1953-இலே அரிசி விலைக்காக மகாராணியாரின் படத்தைத் திருப்பிவைத்த எங்கள் பாட்டனார், தம் மகளின் கலியாணத்திலே அந்த வரிசையில் ஒன்றும் குறையாமல் நடத்தினார். அவரை நான் குறை கூறுவது எளிது. அன்று பந்தலில் இருந்த எவருக்கும் அந்த இரண்டு செயலும் முரணாகத் தோன்றியிராது.

வெளியுலகிலும் இந்தக் குழப்பம் இல்லாமல் இல்லை. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய பார்படோஸ் 2021 நவம்பர் 30-ஆந் திகதி மகாராணியாரை நீக்கிக் குடியரசாயிற்று. 2023 மே மாதம் 6-ஆந் திகதி சார்ள்ஸ் மன்னருக்கு முடிசூட்டியபோது, இவர் எங்கள் அரசர் அல்லர் என்று பலகை பிடித்த சிலரை இலண்டன் பொலிஸார் பிடித்துச் சென்றனர். அதே வீதிகளில் இலட்சக்கணக்கானோர் மழையில் நனைந்தபடி ஊர்வலத்துக்காகக் காத்து நின்றனர். நம் நாட்டிலே 2022 ஜூலை மாதம் 9-ஆந் திகதி முடியில்லாத ஒருவரின் மாளிகைக்குள் சனங்கள் புகுந்து கட்டிலில் படுத்துப் பார்த்ததும் குளத்தில் நீந்தியதும் உலகறிந்த செய்தி. அப்படி நீந்தியவர்களுள்ளும் சிலர் செப்டெம்பரில் இலண்டன் ஊர்வலத்தைக் கண்கொட்டாமல் பார்த்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

“அப்ப நீங்கள் ஏன் இந்தக் காசை வைச்சிருக்கிறியள் அப்பம்மா?” என்றான் பையன்.

“அது ராணிக்காக வைச்சதில்லை. அப்பு கடைசியாய்ப் படுக்கையில கிடக்கேக்க, தலையணைக்குக் கீழயிருந்து எடுத்து எனக்குத் தந்த காசு. அப்ப அது செல்லாக் காசாய்ப் போச்சு. இருந்தாலும் தந்தவர்.”

அவன் குற்றியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தேய்ந்திருந்தாலும் முகம் தெரிந்தது. பிறகு அதை அவர் கையிலே கொடுத்தான். அவர் பாக்குச் சீவலுக்கு அடியில் வைத்துக் கொட்டைப்பெட்டியை மூடினார்.

1990-இலே தீவை விட்டு இடம்பெயர்ந்தபோதும் அந்தக் கொட்டைப்பெட்டி அவர் இடுப்பில் இருந்தது. பல ஆண்டுகளின் பின் திரும்பி வந்து பார்த்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கதவு நிலைகள் இல்லை. விறாந்தைச் சுவர் மாத்திரம் நின்றது; பாட்டனார் அறைந்த ஆணியும் அதிலே நின்றது. புதுக்கூரை போட்டபோது மேசன் அந்த ஆணியைப் பிடுங்கப் போனார், பெரியம்மா விடவில்லை. இப்போது அதிலே தம்பியின் மண்ணெண்ணெய்ப் புனல் தொங்குகிறது.